மூலக்கரட்டில் நான் செத்த கதை

ஏனுங்க தம்பி, அந்தப் பொஸ்தகத்தைச் சித்தக் காட்டுங்க. அட்டையைப் பாத்துட்டுக் குடுத்தர்றனுங்க. கண்ணாடி கொண்டாரல, ஆனா அந்தத் தொப்பி தெரியுது. ஆமா, அவருதான். வேட்டை வேணுகோபாலு. அந்தத் தொப்பி காத்துல பறந்து ஆத்துல உழுகறப்பல்லாம் குதிச்சு எடுத்துக் குடுத்தவன் நாந்தானுங்க.

எந்த எடத்துல இருக்கறீங்க? மூலக்கரட்டுச் சிறுத்தை வந்துருச்சா? இன்னும் இல்லியா? அப்பச் சரி, நான் வாயத் தொறக்கல. சொன்னாப் படிக்கறவங்களுக்கு ருசி போயிரும்.

எப்படியும் படிக்கத்தான் போறீங்க, சொல்லிப்போடறேன். அதுல ஜீப் டிரைவர் ஒருத்தன் வருவானுங்க. பண்ணாரின்னு பேரு. ஐயாவைக் காப்பாத்தறதுக்குச் சிறுத்தை மேல போய் உழுந்து செத்துப்போவான். அந்தப் பண்ணாரி நாந்தானுங்க.

சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. ஆதார் கார்டு வெச்சிருக்கறேன், பாருங்க. பண்ணாரி, தகப்பன் பேரு நஞ்சப்பன், ஆசனூரு. ஐயா கதையில என்ற ஊரு, அப்பன் பேரு ஒண்ணையும் மாத்தலீங்க. நான் செத்ததைத் தவிர மத்ததெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கறாரு.

இந்த பஸ்சு இப்போதைக்குக் கெளம்பாதுங்க. மேல வளைவுல லாரி திரும்ப முடியாம குறுக்கால நிக்குதாம். இந்தத் திம்பம் மலையில இதே சோலிதான். எல்லாரும் எறங்கி நிக்கறாங்க பாருங்க. நீங்களும் எறங்கறதுன்னா எறங்குங்க. நான் எறங்கறதில்லீங்க. இந்த வளைவுச் செவுத்து மேல சிறுத்தை வந்து உக்காந்துக்கிட்டிருக்கும்னு பேசிக்குவாங்க, அதுக்காகன்னு நெனைச்சறாதீங்க. எனக்கு முட்டி வலி.

நீங்களும் எறங்கலியா? அப்பச் சரி. அந்தச் சன்னலைச் சித்தச் சாத்திருங்க. காத்து.

கோவம் இல்லாமப் பேசறனேன்னு பாக்காதீங்க. கோவம் இருக்குது. அம்பது வருசத்துக் கோவம். நான் அந்த மனுசன்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானுங்க: என்னைய உசுரோட எழுதுங்க. காசு கேட்டனா, காணி கேட்டனா? உசுரோட இருக்கற ஒருத்தனை உசுரோட இருக்கறான்னு எழுதறதுக்கு என்னங்க கேடு? அவரு எழுதல. போயும் சேர்ந்துட்டாரு. இப்ப அவரு மகள், சுலோச்சனா அம்மிணி, எல்லாப் பொஸ்தகத்தையும் ஒட்டுக்கா திரும்பவும் அச்சடிக்குது. அது விசயமாத்தான் என்னைய வரச் சொல்லிப் போன் பண்ணுச்சு. அங்க போய்ட்டுத்தான் இப்பத் திரும்பி வாறேன். அதை அப்பறம் சொல்றேன்.

ஐயா கோயமுத்தூர்ல பெரிய குடும்பமுங்க. நூல் மில்லை அண்ணன்மாரு பாத்துக்கிட்டாங்க. இவரு பாத்தது வேட்டையும் எழுத்துந்தான். சின்னப் பையனா உண்டிவில்லை வெச்சு ஓணான் அடிச்சதுல ஆரம்பிச்சதாம். வேட்டையாடக் கூடாதுன்னு சட்டம் வந்தப்ப, துப்பாக்கிய எண்ணெ போட்டுத் தொடைச்சு அலமாரில வெச்சுப் பூட்டிட்டாரு. ஆனா காட்டுக்குப் போறது நிக்கல. வெறுங்கையோட பரண்ல ஏறி உக்காந்துக்குவாரு. மிருகம் வந்தா நல்லாப் பாத்துட்டு, "சரி, பொழைச்சுப் போ"ம்பாரு. வந்து அதையும் எழுதுவாரு. சுட்டுக்கிட்டிருந்த காலத்தை விட சுடாத காலத்துலதான் எச்சா எழுதினாருன்னு அம்மிணி சொல்லும். கடைசியாப் படுக்கையில கெடந்தப்பக்கூட ஊன்றுகோலைத் தூக்கி எதுத்த செவுத்துல போற பல்லிக்குக் குறி வெப்பாரு. வாயாலயே "டுமீல்"ம்பாரு. பாத்துக்கறதுக்கு வந்த நர்சம்மா மொத நாளு அலறிப்போட்டாங்க.

எழுதறதுல கொஞ்சம் தாராளமுங்க. முயல் சுட்டாருன்னு வெச்சுக்கங்க, பத்திரிகையில அது காட்டுப்பன்னி ஆயிரும். பன்னியச் சுட்டா கரடி. கரடியச் சுட்டா அது ஜோடியா வந்துருக்கும். ஆனா சிறுத்தைன்னா சிறுத்தைதான், அதுல ஒரு முழம் கூட்ட மாட்டாரு. அதுக்கு மரியாதை வெச்சிருந்தாரு.

அவரு எழுதற விதமே வேறங்க. வேட்டை முடிஞ்சு திரும்பறப்ப, ஜீப்புல எனக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டுக் கதையச் சொல்லிக்கிட்டே வருவாரு. நானுந்தான் கூட இருந்திருப்பேன், என்ன நடந்துச்சுன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் கேப்பேன். கேட்டுக்கிட்டே ஓட்டறப்ப, சில எடத்துல எனக்கே தெரியாமக் காலு பிரேக்கை அமுத்திப்போடும். ஐயா ஒடனே தொடையத் தட்டுவாரு. "அங்க போட்டாண்டா பிரேக்கு!"ம்பாரு. அந்த எடத்தை அப்படியே எழுதுவாரு. நான் பிரேக் போடாம ஓட்டிப்போன எடத்தையெல்லாம் வெட்டிப்போடுவாரு. மெட்ராசுல இருந்து பத்திரிகை எடிட்டர் ஒருத்தரு வந்தப்ப, "இவன்தான் என்ற எடிட்டரு"ன்னு என்னையக் காட்டினாரு. அவருக்கு மொகம் சுருங்கிப்போச்சுங்க. எனக்கு எடிட்டர்னா என்னன்னு அப்பத் தெரியாது. ஏதோ திட்டறாருன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அப்படி இருந்தவங்கதானுங்க நாங்க. அதனாலதான் எனக்கு எச்சா வருத்தம்.

மூலக்கரடு இந்த மலைக்குப் பின்னாடி இருக்குதுங்க. அந்தப் பக்கம் ஒரு சிறுத்தை ஆட்டுப்பட்டியில கை வெச்சுக்கிட்டிருந்துட்டு, அப்பறம் வெறகுக்குப் போன ஒரு அம்மாவை அடிச்சுப்போட்டுருச்சு. சுடறதுக்குக் கலெக்டரே உத்தரவு குடுத்தாரு ஐயாவுக்கு. எனக்கு அப்ப இருவத்திச் சில்லறை வயசு. கண்ணாலம் ஆகல.

பங்குனி மாசம். மறுநா விடிஞ்சாப் பண்ணாரியம்மன் குண்டம். இந்தச் சுத்துவட்டாரமே தீ மிதிக்கறதுக்கு அங்க போயிருச்சு. என்ற பேரே அந்த ஆத்தா பேரு, நான் ஒரு வருசம் போகாம இருந்ததில்ல. அந்த வருசந்தான் ஐயா விடல. "சிறுத்தைக்கு நோம்பி நாளு தெரியுமாடா?"ன்னாரு. சரின்னு கூடப் போனேன்.

ஆட்டுக்குட்டியக் கட்டிப்போட்டு, அதுக்கு மேல மரத்துல பரண் கட்டி ஐயா ஏறி உக்காந்துட்டாரு. என்னைய ஒரு பர்லாங்கு தள்ளி ஜீப்போட நிறுத்திட்டாரு. "துப்பாக்கிச் சத்தம் கேக்கும். அப்பறம் நான் விசில் அடிச்சா, லைட்டைப் போட்டு ஆரனை அடிச்சுக்கிட்டு நேராப் பரணுக்கடிக்கு வந்துரு. அந்தச் சத்தத்துக்கு எந்த மிருகமும் நிக்காது"ன்னாரு. "சரிங்க ஐயா"ன்னேன்.

பொழுது உழுகற நேரத்துல டுமீல்னு கேட்டுச்சு. அப்பறம் அது கத்துச்சு. சிறுத்தை கத்தறது ரம்பம் அறுக்கறாப்பல இருக்கும்னு ஐயா எழுதியிருப்பாரு. அது சும்மாக் கத்தறப்ப. குண்டு பட்டுட்டுக் கத்தறது வேறங்க. அதை அவராலயே எழுத முடியல. அதுக்கப்பறம் விசில்.

விசில் கேக்கலைன்னு நான் எங்கியும் சொன்னதில்லீங்க. நல்லாக் கேட்டுச்சு. ஒருக்கா இல்ல, விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே இருந்தாரு. நானும் ஒடனே ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிட்டேன். பண்ணிட்டுப் பாக்கறேன், பெட்ரோல் முள்ளு கீழ கெடக்குது. நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க. பெட்ரோல் இல்லாத ஜீப்பை அங்க கொண்டுபோய் நிறுத்திப்போட்டா, அப்பறம் அவரை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோறது? டிரைவர்னா முன்கூட்டி நெனைக்கோணும். அதனால சத்தியமங்கலம் போய்ப் பெட்ரோல் போட்டுட்டு வெசையா வந்தர்லாம்னு வண்டியத் திருப்பினேன்.

சத்தியமங்கலம் போறதுக்கு மட்டும் பெட்ரோல் இருந்துச்சான்னு கேக்கறீங்க. எறக்கந்தானுங்க. நியூட்டர்லயே போயிரலாம்.

ஆனாப் பண்ணாரியத் தாண்ட முடியல. குண்டத்துக்கு வந்த சனம் ரோட்டுலயே படுத்துக் கெடக்குது. போலீசு கட்டையப் போட்டு மறிச்சுட்டாங்க. அவங்ககிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். ஆனா ஐயா பெரிய மனுசன், அவரு மரத்து மேல மாட்டிக்கிட்டாருன்னு நாலு பேரு முன்னாடி சொல்றது அவருக்கு மரியாதையா? அதனால ஒண்ணும் சொல்லாமக் கோயிலுக்குள்ள போய் உக்காந்துட்டேன். ஆத்தா, ஐயாவைக் காப்பாத்திக் குடு, நான் குண்டம் எறங்கறேன்னு வேண்டிக்கிட்டேன். விடியக்காலம் மஞ்சத் துணியக் கட்டிக்கிட்டு எறங்கினேன்.

தீயில எறங்கினவனுங்க நான்! அந்த மனுசனுக்காகத் தீ மிதிச்சிருக்கறேன். பாதத்துல கொப்புளம் போட்டுருச்சு. இதை எங்கியாச்சும் ஒரு வரி எழுதினாரான்னு பாருங்க. அவ்வளவு பெரிய பொஸ்தகத்துல. சிறுத்தையோட மீசையப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கறாரு.

பின்னாடி சீட்டுக்கடியில ஒரு கேன் நெறையாப் பெட்ரோல் இருந்துச்சுன்னு அப்பறந்தான் ஐயா சொன்னாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா நான் ஏன் போறேன்? அந்தக் கேனை நெரப்பறது யாருன்னு கேக்கறீங்களா? நாந்தானுங்க. ஆனா மனுசனுக்கு எல்லாமா நெனப்புல நிக்கும்?

பொழுது ஏறுனதுக்கப்பறம் போனேன். ஒரு பக்கம் சிறுத்தை செத்துக் கெடக்குது. பரண் ஒடிஞ்சு தொங்குது. ஐயா மரத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. பனியனைக் கிழிச்சு இடது கைய முழுக்கச் சுத்திக் கட்டியிருந்தாரு, அது நெறம் மாறிப்போயிருந்துச்சு. என்னையப் பாத்தாரு. என்ற மஞ்சத் துணியப் பாத்தாரு. நான் விந்தி விந்தி வாறதையும் பாத்தாரு.

"குண்டம் எறங்கினியாடா?"ன்னாரு.

"ஆமாங்க ஐயா. உங்களுக்காகத்தானுங்க"ன்னேன்.

நான் பிரசாதமாக் கொண்டாந்த புத்து மண்ணை எடுத்து அந்தக் கையில வெச்சுக் கட்டிவிட்டேன். கைய நீட்டிக் குடுத்தாரு. அந்த மண்ணுலதான் பொழைச்சாருன்னு நான் இன்னிக்கும் சொல்லுவேன். கோயமுத்தூரு டாக்டருங்கதான் அந்த மண்ணைக் கழுவறதுக்கு அரை நாளாச்சுன்னு கத்திக்கிட்டிருந்தாங்க.

"வண்டிய எடு"ன்னாரு. எடுத்தேன். வர்ற வழியில கதை சொல்லுவாருன்னு காத்துக்கிட்டே ஓட்டினேன். மொத மொதலா, அன்னிக்கு அவரு ஒரு வார்த்தை சொல்லல. வெளியவே பாத்துக்கிட்டு வந்தாரு. காய்ச்சல் போல. ஊடு வந்ததும், "மரத்துல இருந்து உழுந்துட்டேன்னு சொல்லு. வேற ஒண்ணும் நீ வாயத் தொறக்காத"ன்னாரு. நானும் அப்படியே சொன்னேன். அந்த இடது கை அப்பறம் கடைசி வரைக்கும் சரியா மடங்கல. நாப்பது வயசை நெருங்கினா ஆருக்கும் அப்படி ஏதாச்சும் ஒண்ணு வரத்தான் செய்யுமுங்க.

அப்பறம் பத்திரிகையில தொடரா வருது. சத்தியமங்கலத்துல சலூன்ல உக்காந்து சவரம் பண்ணிக்கிட்டிருந்தேன். பக்கத்துல ஒருத்தரு சத்தமாப் படிக்கறாரு. பண்ணாரி ஜீப்புல இருந்து குதிக்கறான். பண்ணாரி இரும்புக் கைப்பிடிய ஓங்கறான். பண்ணாரி சாகறான். சலூன்காரருக்குக் கண்ணுல தண்ணி நிக்குது, கத்தி என்ற தொண்டையில நிக்குது. "யோவ், அது நான்யா"ன்னேன். "பேசாதீங்க, வெட்டிரும்"னாரு.

ரெண்டு நாள்ல கோபியில இருந்து அத்தை மாருல அடிச்சுக்கிட்டு வந்துருச்சு. நான் உக்காந்து கம்பங்கூழு குடிச்சுக்கிட்டிருக்கறேன். என்னையப் பாத்ததும் அதுக்குச் சந்தோசம் வரல, கோவம் வந்துச்சு. "பஸ்சு மாறி மாறி அழுதுக்கிட்டு வந்தனேடா"ன்னு தலையில ஒரு குட்டு வெச்சுது. எங்கம்மா ஒரு கோழி அறுத்துச் சுத்திப்போட்டுது. நான் சாகாததுக்கு எங்கூட்டுல ஒரு கோழி செத்துதுங்க.

அப்பத்தான் புளியம்பட்டியில இருந்து என்ற ஊட்டுக்காரி சம்பந்தம் வந்துது. மயிலாத்தான்னு பேரு. அது பள்ளிக்கூடம் படிச்ச புள்ளை. அந்தக் கதையப் படிச்சுட்டு ரெண்டு நாளாச் சோறு திங்காம அழுதுதாம். பொறவு யாரோ அவன் உசுரோட ஆசனூர்ல இருக்கறான்னு சொல்லியிருக்கறாங்க. "கட்டினா அவரைத்தான் கட்டுவேன்"ன்னு நின்னுருச்சு. எனக்குச் சொல்லியனுப்பினாங்க, நானும் போய்த் தாலி கட்டிட்டேன். சந்தோசந்தான். ஆனா போகப் போகத்தான் தெரிஞ்சுது, அவ கட்டிக்கிட்டது அந்தச் செத்த பண்ணாரியத்தானுங்க. நான் சும்மாக் கூட இருக்கறேன்.

ஒருக்கா ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காணியில பாம்பு வந்துருச்சு. நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்து சத்தம் போட்டேன். அவதான் தடிய எடுத்துப் போய் வெரட்டினா. வந்து ஒண்ணும் திட்டல. அலமாரியத் தொறந்து அந்தப் பொஸ்தகத்தை எடுத்து முந்தானையில தொடைச்சுத் திரும்பவும் வெச்சா. அவ்வளவுதான். திட்டியிருந்தாப் பரவால்ல.

ஊருல எல்லாத்துக்கும் அவ சொல்லி வெச்சது என்னன்னா, சிறுத்தை என்னைய அடிச்சுப்போட்டு, செத்துட்டேன்னு விட்டுட்டுப் போயி, அப்பறம் ஆத்தா புண்ணியத்துல நான் பொழைச்சு எந்திரிச்சேன்னு. நான் சொன்னதில்லீங்க. அவதான் சொன்னது. ஆசனூர்ல எனக்கு டீக்கு ஆரும் காசு வாங்க மாட்டாங்க. கொழந்தைக பயந்துக்கிட்டா எங்கிட்டத் தூக்கியாந்து திருநீறு வெச்சுக்கிட்டுப் போவாங்க. சுற்றுலா வர்ற பசங்க தழும்பைக் காட்டுங்கம்பாங்க. எனக்குக் குடல்வால் ஆபரேசன் பண்ணின தழும்பு ஒண்ணு இருக்குது. அதைக் காட்டுவேன். அது சிறுத்தைன்னு ஒரு நாளும் நான் சொன்னதில்ல. அவங்களா நெனைச்சுக்கிட்டா நான் என்ன பண்ணறதுங்க?

ஐயா என்னைய வேலைய விட்டு நிறுத்தல. முப்பது வருசம் அவருகிட்டத்தான் ஓட்டினேன். ஆனா ஒரு பழக்கம் வந்துருச்சு அவருக்கு. பரண்ல ஏறறதுக்கு முன்னாடி ஜீப்புச் சாவியக் கேட்டு வாங்கிப் பாக்கெட்டுல போட்டுக்குவாரு. ஏன்னு நான் கேக்கல. பெரிய மனுசங்களுக்கு ஏதாச்சும் ஒரு பழக்கம் இருக்கும். பொறவு எழுதின பொஸ்தகத்துலயெல்லாம் ஜீப்பு ஓட்டறவனுக்குப் பேரு கெடையாது. "புது டிரைவர்"ன்னு போடுவாரு. புது டிரைவர் டீ கொண்டுவந்தான், புது டிரைவர் டயர் மாற்றினான். அது நாந்தான். முப்பது வருசமாப் புது டிரைவரு.

நான் சும்மா உடலீங்க. கேட்டேன். தொப்பியத் தொடைச்சுக் குடுத்துட்டு, "ஐயா, என்னைய உசுரோட எழுதுங்க"ன்னேன்.

"செத்தவனை எப்படிடா கொண்டாறது?"ன்னாரு.

"பொழைச்சுக்கிட்டான்னு ஒரு வரி போடுங்க."

"பொழைச்சவன் அன்னிக்குச் சாயங்காலம் எங்க போயிருந்தான்னு கேப்பாங்களே. என்னன்னு எழுதட்டும்?"

"பெட்ரோலுக்குப் போயிருந்தான்னு எழுதுங்க. நெசந்தானுங்களே"ன்னேன்.

ஐயா சிரிச்சாரு பாருங்க, தொப்பி உழுந்துருச்சு. சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிப்போச்சு. இடது கை தூக்க வராதில்ல, வலது கையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. "வேண்டாண்டா பண்ணாரி. செத்தே இரு. நல்லாத்தான் செத்திருக்கறே"ன்னாரு.

இது நாயமுங்களா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. அதுக்கப்பறமும் வருசா வருசம் குண்டத்தன்னிக்குப் போய்க் கேப்பேன். அன்னிக்குக் கேட்டாத் தட்ட மாட்டாருன்னு ஒரு நெனப்பு. அதையே சொல்லுவாரு. "செத்தே இரு."

எனக்கு அவரு மேல கோவந்தானுங்க. ஆனா அவரு போன அன்னிக்குப் பாடைக்குப் பின்னாடி சுடுகாடு வரைக்கும் காலி ஜீப்பை மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனது நாந்தான். ஆரும் சொல்லல. நானா ஓட்டினேன். அன்னிக்கு அழுத அழுகை எங்கப்பன் செத்தப்பக்கூட நான் அழுகல.

இன்னிக்கு விசயத்துக்கு வாறேன். அம்மிணி போன்ல, "பண்ணாரிண்ணா, உங்களை உயிரோட போட்டுரலாம்னு இருக்கேன். இப்ப இருக்கற ஆளுங்கல்லாம் எது நெசம், எது கதைன்னு கேக்கறாங்க. நீங்க வந்து நடந்ததைச் சொல்லுங்க, பொஸ்தகத்துக்குப் பின்னாடி சேத்தர்றேன்"னுது. எனக்குக் கை காலு நிக்கல. காத்தால எந்திரிச்சு வெள்ளை வேட்டியக் கட்டினேன். மயிலாத்தா வாசல்ல நின்னுக்கிட்டு, "எதுக்குப் போறீங்க?"ன்னா. "சும்மா, அம்மிணி கூப்பிட்டுச்சு"ன்னேன். அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ. "அந்தக் கதையில எதையாச்சும் மாத்தறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துங்க"ன்னா.

செத்தது நானு, கேக்கறது அவளையா? கேக்காமயே கெளம்பி வந்துட்டேன். அந்தப் பரபரப்புலதான் கண்ணாடிய மறந்தது.

ஐயா உக்காந்து எழுதற ரூமுலதான் உக்கார வெச்சுது அம்மிணி. எதுத்தாப்பல செவுத்துல அந்தச் சிறுத்தைத் தோலு. தலையோட இருக்கும். கண்ணாடிக் கண்ணு. நாங்க நெறையாத் தடவை பாத்துக்கிட்டிருக்கறோம், நானும் அதும். அம்மிணி காப்பி குடுத்துட்டு, போனை எடுத்து டேபிள் மேல வெச்சு, "சொல்லுங்கண்ணா, இதுல பதிவாகும்"னுது.

சொன்னேன். பங்குனி மாசம், பரணு, ஆட்டுக்குட்டி எல்லாம் சொன்னேன். நல்லாத்தான் வந்துது. துப்பாக்கிச் சத்தம் வரைக்கும் வந்துட்டேன். அம்மிணி கன்னத்துல கைய வெச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருக்குது.

"விசில் கேட்டுச்சுங்களாண்ணா?"ன்னுது.

"கேட்டுச்சு அம்மிணி."

"அப்பறம்?"

அப்பறம் எனக்குத் தண்ணித் தாகம் எடுத்துருச்சுங்க. தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சேன். இன்னொரு டம்ளர் கேட்டேன். அதையும் குடிச்சேன். அந்தப் போனு என்னையவே பாத்துக்கிட்டிருக்குது, சிறுத்தையும் பாத்துக்கிட்டிருக்குது.

அம்மிணிதான் பேசுச்சு. "அண்ணா, நான் அப்பாகிட்டக் கேட்டிருக்கேன், அன்னிக்கு என்னதான் நடந்துச்சுன்னு. கடைசி வரைக்கும் அவரு சொல்லல. 'பண்ணாரியக் கேளு. அவன் சொன்னா அதைப் போடு. அவன் சொல்லலைன்னா நான் எழுதினதுதான் நடந்தது'ன்னாரு."

எனக்கு அந்தப் பெட்ரோல் விசயமெல்லாம் நாக்கு நுனியில இருந்துதுங்க. குண்டம் எறங்கினதும் இருந்துது. அம்பது வருசமா நான் எதிர்பாத்துக்கிட்டிருந்த எடம். ஆனா யோசிச்சுப் பாத்தேன். அவ்வளவு பெரிய மனுசன் எழுதினதுல நான் போய்க் கை வெக்கறதா? அச்சடிக்கறவங்களுக்கும் செரமம். மயிலாத்தாகிட்டயும் கேக்கல.

"எழுதினபடியே இருக்கட்டும் அம்மிணி"ன்னேன்.

அம்மிணி போனை அணைச்சுட்டு, கைய நீட்டி என்ற கைமேல வெச்சுச்சு. லேசாச் சிரிச்சாப்பல இருந்துது, அவங்கப்பனாட்டவே. எதுக்குச் சிரிச்சுதுன்னு தெரியல. பஸ்சுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

அவ்வளவுதானுங்க. போனது ஒண்ணுக்கு, நடந்தது ஒண்ணு. இனி எப்பவும் நான் செத்தவந்தான்.

தம்பி, உங்களுக்குச் செரமம் இல்லீன்னா ஒரு ஒதவி பண்ணுங்க. அந்த எடத்தை எடுத்துப் படிங்க. நான் சாகற எடத்தை. ஐயா எனக்குச் சொல்லாமயே எழுதின கதை அது ஒண்ணுதான். நானா எத்தனையோ தடவை படிச்சிருக்கறேன், ஆனா ஆராச்சும் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கேட்டதில்ல. சலூன்ல கேட்டது கணக்கில்லீங்க, அப்பத் தொண்டையில கத்தி இருந்துது. கொஞ்சம் சத்தமாவே படிங்க. பஸ்சுல ஆரும் இல்ல.

"விசிலை நான் உதட்டிலிருந்து எடுக்கவில்லை, அதற்குள் மரங்களுக்கிடையே ஜீப்பின் விளக்குகள் தெரிந்தன. பண்ணாரி வண்டியை நிறுத்தவில்லை. ஓட்டத்திலேயே குதித்தான். கையில் ஜீப்பின் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியைத் தவிர வேறொன்றும் இல்லை. என் கையைக் கவ்வியிருந்த சிறுத்தை என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பியது. எல்லாம் முடிந்தபோது அவன் தலை என் மடியில் இருந்தது. 'ஏன்டா வந்தாய்?' என்று கேட்டேன். அவனுக்கு என் கேள்வி புரியவில்லை. 'விசில் அடிச்சீங்களே ஐயா' என்றான்."

ம்.

ஆமாங்க. அப்படித்தான் வரும்.

என்னங்க கீழ பாக்கறீங்க? என்ற காலு தரைய அமுத்தறதையா? அது ஒண்ணுமில்லீங்க, பழக்கதோசம். பஸ்சு நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது, பாவம்.

அங்க லாரிய நவுத்திட்டாங்களாட்ட இருக்குது. எல்லாரும் ஏற வாறாங்க. அதுக்குள்ள இன்னொருக்காப் படிச்சிருங்க தம்பி. முழுசும் வேண்டாம். அந்த விசில்ல இருந்து படிங்க.